ஜூலையில் கவார்த்தா ஏரிப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறோம், அப்பா அம்மா விசிட்டில் வருகிறார்கள்: யார் யாருக்கு லைசென்ஸ் வேண்டும்?

நெல்லைக்காரன்_பிராம்டன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் போன நவம்பரில் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்தேன். மனைவியும் பிள்ளைகளும் ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தார்கள், பையனுக்கு 13, பெண்ணுக்கு 9. ஜூன் கடைசியில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் விசிட்டர் விசாவில் வருகிறார்கள். ஜூலை நடுவில் பாப்கேஜன் பக்கம் ஒரு காட்டேஜ் மூன்று நாளைக்கு எடுத்திருக்கிறேன், சொந்தப் படகுத் துறையும் சின்ன மோட்டார் படகும் உண்டு.

அப்பாவுக்கு வயது 68, தாமிரபரணியில் சின்ன வயதிலிருந்து தூண்டில் போட்டவர். நாலு தூண்டிலை வரிசையாகக் கரையில் குத்தி வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் கெளுத்தியோ விலாங்கோ ஏதாவது வீட்டுக்கு வரும். இங்கே பெரிய பெரிய ஏரி இருக்கிறது என்று போனில் சொன்னதிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை, தூண்டில் முள்ளும் நரம்பும் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டாராம்.

லைசென்ஸ் பக்கத்தைப் படித்தேன், 65 வயதுக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது, 18 வயதுக்குக் கீழும் வேண்டாம் என்று இருக்கிறது. அப்படியானால் எனக்கும் மனைவிக்கும் மட்டும் எடுத்தால் போதுமா? அப்புறம் ஸ்போர்ட், கன்சர்வேஷன் என்று இரண்டு வகை போட்டிருக்கிறார்கள், எதை எடுப்பது? காட்டேஜ்காரர்கள், பக்கத்து ஆட்கள் ஏதாவது தொந்தரவு செய்வார்களா என்றும் ஒரு சின்ன பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தங்கூசி_ஸ்காபரோ:

தம்பி, அந்த 65 வயது சலுகை கனடாவில் வசிக்கிறவர்களுக்கு மட்டும்தான். விசிட்டில் வருகிற அப்பாவுக்கு 68 ஆனாலும் 88 ஆனாலும் வெளிநாட்டவர் லைசென்ஸ் எடுக்கத்தான் வேண்டும். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் பிழை விடுகிற இடம் இதுதான், வயதைப் பார்க்கிறார்கள், வசிப்பிடத்தைப் பார்ப்பதில்லை.

உங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு கணக்கு வரும், பொறுமையாகப் பாருங்கள். ஒன்டாரியோவாசி என்று லைசென்ஸுக்குச் சொல்ல வேண்டுமானால் முதன்மை வீடு இங்கே இருக்க வேண்டும், அதோடு விண்ணப்பிக்கிற நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் தொடர்ந்து 6 மாதமாவது ஒன்டாரியோவிலேயே வசித்திருக்க வேண்டும். நீங்கள் நவம்பரில் வந்ததால் தப்பித்தீர்கள். உங்கள் மனைவி ஏப்ரலில் வந்தவர், நிரந்தரவாசிக்கான பி.ஆர். கார்டு கையில் இருந்தாலும் ஜூலையில் அவருக்கு 6 மாதம் ஆகியிராது, ஆகவே மீன் விஷயத்தில் அவரும் உங்கள் அப்பாவும் ஒரே பிரிவு. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் விதி அதுதான்.

பிள்ளைகளுக்கு 18 ஆகவில்லை, வெளிநாட்டுப் பிரிவில் வந்தாலும் லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தால் அவர்கள் தூண்டில் போடலாம். ஆனால் அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளும் மீன் அந்தப் பெரியவரின் அளவுக்குள் சேரும், தனியாகக் கணக்கு இல்லை. இங்கே வளர்ந்த பிள்ளை என்றால் தன் கணக்கிலேயே பிடிக்கலாம்.

காசு விஷயம்: உங்களுக்கு லைசென்ஸுக்கு அடிப்படையான அவுட்டோர்ஸ் கார்டு கிட்டத்தட்ட 9 டாலர், மூன்று வருடம் செல்லும். அதற்கு மேல் ஒரு வருட ஸ்போர்ட் 27 டாலர் அளவில், கன்சர்வேஷன் 15 அளவில், வரி தனி. வெளிநாட்டவருக்கு ஒரு நாள் லைசென்ஸ் 25 டாலர் போல வரும், அதற்குக் கார்டு தேவையில்லை. 8 நாள் கன்சர்வேஷன் 32 போல, அதற்குக் கார்டும் வேண்டும். மூன்று நாள் நிற்கப் போகிறீர்கள், 8 நாளையே எடுங்கள், காசும் குறைவு, ஒவ்வொரு காலையும் போனை நோண்டவும் வேண்டாம். வாங்கும்போது கட்டணத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏரிக்கரை_மச்சான்:

ஏன் தம்பியைப் பயமுறுத்துகிறீர்கள். நான் ரைஸ் லேக் பக்கம் வருடக்கணக்காகப் போகிறேன், ஒருத்தரும் வந்து கேட்டதில்லை. நீங்கள் ஒரு லைசென்ஸ் எடுங்கள், ஒரே ராடை எல்லாரும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள், அப்பா கையில் இருக்கும்போது யாராவது வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் 40 டாலர் தண்டம்.

லிண்ட்சேஅக்கா:

மச்சான், நீங்கள் உங்கள் பாட்டுக்குப் போங்கள், ஊரிலிருந்து வந்த பெரியவரை இதில் இழுக்காதீர்கள். ராட் யாருடையது என்பது கேள்வியே இல்லை, தூண்டிலைப் போட்டவர், சுற்றி இழுத்தவர் எவரோ அவர்தான் மீன் பிடிக்கிறார். நான் இந்தப் பக்கமே குடியிருக்கிறேன், ஜூலை சனி ஞாயிறுகளில் மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கிற கன்சர்வேஷன் ஆபீசர்கள் படகிலும் வருவார்கள், துறையிலும் நிற்பார்கள். லைசென்ஸைக் கேட்பார்கள், கூலரைத் திறந்து பார்ப்பார்கள், வண்டியையும் சோதிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, தூண்டில் சாமானைப் பறிமுதல் செய்யவும் உண்டு. மாகாணச் சட்டத்தில் உச்ச அபராதம் 25,000 டாலர் வரை போட்டிருக்கிறது. அவ்வளவு சாதாரண ஆளுக்கு விழாது, சில நூறு டாலர் டிக்கெட்டே போதுமே விடுமுறை கெட்டுப்போக.

நெல்லைக்காரரே, உங்கள் அப்பாவிடம் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், நாலு தூண்டில் குத்தி வைப்பது இங்கே நடக்காது. கோடையில் இந்த ஏரிகளில் ஆளுக்கு ஒரு தூண்டில்தான், ஒரு நரம்பில் முள் நாலுக்கு மேல் கூடாது. பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடிக்கும்போது பெரும்பாலான இடங்களில் இரண்டு அனுமதி, அது வேறு கதை. விலாங்கு மாட்டினால் படம் எடுக்கக்கூட நிற்காமல் தண்ணீரில் விடுங்கள், ஒன்டாரியோவில் அமெரிக்க விலாங்கு அழிவில் இருக்கிற இனம், வருடம் முழுவதும் தடை. எங்கள் ஏரிகளில் மாட்டுவது அபூர்வம், ஆனால் விலாங்கு என்றால் அவருக்குக் கை துறுதுறுக்கும் என்று நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது.

நீங்கள் போகிற இடம் ஸோன் 17. ஒன்டாரியோவை மீனுக்காக 20 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், சிம்கோ ஏரி 16, ஒன்டாரியோ ஏரி 20, ஒவ்வொன்றுக்கும் காலமும் அளவும் வேறு வேறு. நண்பர் சிம்கோவில் அப்படிப் பிடித்தார் என்று சொன்னதை இங்கே கொண்டுவராதீர்கள். பாப்கேஜன் ஊர் ஸ்டர்ஜன் லேக்குக்கும் பிஜன் லேக்குக்கும் நடுவில் இருக்கிறது, இரண்டும் 17தான். இங்கே பாஸ் மீன் பிடிக்கும் காலம் ஜூன் மூன்றாவது சனிக்கிழமைதான் திறக்கும், பிக்கரல் மீனுக்கு மே இரண்டாவது சனிக்கிழமையிலிருந்து நவம்பர் 15 வரை. நீங்கள் ஜூலை என்பதால் இரண்டும் திறந்திருக்கும், நல்ல நேரம். மே மாதம் வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், பாஸை நான் விட்டுவிடத்தானே போகிறேன் என்று சொல்லிக் குறி வைத்துப் பிடிப்பார்கள், காலம் மூடியிருந்தால் விடுவதற்காகப் பிடிப்பதும் தப்புதான்.

பிக்கரலுக்கு, விதிப் புத்தகத்தில் வால்-ஐ என்று இருக்கும், 35 முதல் 50 சென்டிமீட்டருக்குள் உள்ளதைத்தான் வைத்துக்கொள்ளலாம். சின்னதும் விட வேண்டும், பெரியதும் விட வேண்டும். பெரியது முட்டையிடுகிற தாய். அப்பா பெரிய மீனை விடச் சொன்னால் கோபப்படுவார், அதற்கும் சேர்த்து முன்கூட்டியே தயார் செய்யுங்கள். ஒரு அளவுகோலைக் கூலர் மூடியில் ஒட்டிவிட்டால் வாக்குவாதம் மிச்சம்.

தங்கூசி_ஸ்காபரோ:

அக்கா சொன்னதோடு ஸ்போர்ட்டா கன்சர்வேஷனா என்பதையும் முடித்துவிடுகிறேன். வித்தியாசம் எவ்வளவு மீனை வைத்துக்கொள்ளலாம் என்பதில்தான். ஸோன் 17இல் பாஸ் ஸ்போர்ட்டுக்கு 6, கன்சர்வேஷனுக்கு 2. கிராப்பி மீன் ஸ்போர்ட்டுக்கு 30, கன்சர்வேஷனுக்கு 10. மஸ்கி மீன் கன்சர்வேஷனில் ஒன்றுகூட வைக்க முடியாது. ஸ்போர்ட்டில் ஒன்று வைக்கலாம், அதுவும் 112 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்தான், அவ்வளவு பெரிய பல்லுக்காரனை உங்கள் சின்னப் படகுக்குள் இழுத்துப் போடுவது நல்ல யோசனை இல்லை. ஒரு நாள் லைசென்ஸ் எடுத்தாலும் கன்சர்வேஷன் அளவுதான், இது பலருக்குத் தெரியாது.

என் கருத்து, நீங்கள் மட்டும் ஸ்போர்ட் எடுங்கள், பிள்ளைகளின் மீன் உங்கள் கணக்கில் விழும் அல்லவா. அப்பாவுக்கு 8 நாள் கன்சர்வேஷன் தாராளம். உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் உண்மையிலேயே தூண்டில் போட விருப்பமா என்று கேட்டுப் பார்த்து எடுங்கள், கரையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு லைசென்ஸ் வேண்டாம்.

பிராம்டன்_பால்ராஜா:

இடையில் ஒரு கேள்வி. ஜூலை தொடக்கத்தில் குடும்ப மீன்பிடி வாரம் என்று லைசென்ஸ் இல்லாமலேயே விடுகிறார்களே, பயணத்தை அந்த வாரத்துக்கு மாற்றினால் எல்லாருக்கும் இலவசம்தானே?

லிண்ட்சேஅக்கா:

ராஜா, அதுவும் கனடாவாசிகளுக்கு மட்டும்தான். பிப்ரவரியில் ஃபேமிலி டே, மே மாதம் அன்னையர் தினம், ஜூனில் தந்தையர் தினம், அந்தந்த வார இறுதி, பிறகு நீங்கள் சொல்கிற கோடை வாரம், நாலு முறை அப்படி வரும். பெயரும் பிறந்த தேதியும் உள்ள அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், கன்சர்வேஷன் அளவுதான் வைத்துக்கொள்ளலாம். இங்கே குடியிருக்கிற, புதிதாகத் தொடங்குகிற ஆட்களுக்கு நல்ல வாய்ப்பு. நெல்லைக்காரர் வீட்டில் அவரைத் தவிர வேறு பெரியவர் யாருக்கும் பொருந்தாது, காட்டேஜ் தேதியை மாற்றிப் பணத்தை இழக்க வேண்டாம்.

நெல்லைக்காரன்_பிராம்டன்:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. 65 வயது விஷயத்தில் நான் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன், நல்லவேளை கேட்டேன். அம்மாவுக்கு விருப்பம் இல்லையாம், குழம்பு வைக்க நான் இருக்கிறேன் என்கிறார். மனைவிக்கு வேண்டுமாம்.

இன்னும் கொஞ்சம் கேட்கலாமா? அந்த மோட்டார் படகை நான் ஓட்டலாமா, அதற்கும் ஏதாவது அட்டை வேண்டுமா? இரைக்குச் சின்ன மீனை அங்கேயே பிடித்து முள்ளில் கோக்கலாமா, அப்பா அப்படித்தான் விரால் பிடிப்பார். மீனை அங்கேயே சுத்தம் செய்து துண்டு போட்டு ஐஸில் வைத்துக் கொண்டுவரலாம் என்றும் நினைத்தேன். தொந்தரவு பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

தங்கூசி_ஸ்காபரோ:

படகு: மோட்டார் இருந்தால் எவ்வளவு சின்னதானாலும் ஓட்டுகிறவரிடம் ஆபரேட்டர் கார்டு இருக்க வேண்டும், ஆன்லைனில் படித்துத் தேர்வு எழுதி எடுக்கலாம், ஆயுளுக்கும் செல்லும். வாடகைப் படகு என்றால் வாடகைக்கு விடுகிறவர் ஒரு பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை உங்களோடு உட்கார்ந்து நிரப்பிக் கையெழுத்து வாங்கினால் அந்த வாடகைக் காலத்துக்கு அது போதும். காட்டேஜ் உரிமையாளர் அப்படிச் செய்வாரா என்று இப்பவே கேளுங்கள், சிலர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியானால் கார்டை எடுத்துவிடுவதே நல்லது. படகில் எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட் அவரவர் உடம்புக்குப் பொருந்துகிற அளவில் இருக்க வேண்டும், 9 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களுடையது சரிவராது. பீர் போத்தலைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போங்கள், படகில் குடிவெறியில் பிடிபட்டால் கார் லைசென்ஸும் போகும்.

இரை: நான் மண்புழுவோடு நிற்பேன். இங்கே கடைகளில் டப்பாவில் விற்கிற பெரிய புழுக்கள் எல்லாம் தென் ஒன்டாரியோ வயல்களில் ராத்திரியில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு கையால் பொறுக்கியவை, உலகத்துக்கே இங்கிருந்துதான் ஏற்றுமதி, அதைப் பொறுக்குகிறவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போல வந்த குடியேறிகள்தான். அதை விட்டுவிட்டு உயிர்மீன் இரைக்குப் போனால் விதி நீளும். எல்லா மீனையும் இரையாக்க முடியாது, பட்டியல் இருக்கிறது, சன்ஃபிஷ் குஞ்சைக் கோத்தால் அதுவே குற்றம். 2022இலிருந்து இரை மண்டலம் என்று நாலாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு மண்டலத்து இரைமீனை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது, உங்கள் வீடு இருக்கிற மண்டலத்துக்கு வெளியே கடையில் வாங்கிப் பிடித்தால் ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். மிச்சத்தையும் வாளித் தண்ணீரையும் ஏரியில் கொட்டக் கூடாது, கரையிலிருந்து 30 மீட்டருக்குள்ளும் கொட்டக் கூடாது. நோயும் வேற்று இனமும் அப்படித்தான் ஏரிக்கு ஏரி பரவின.

அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள், தக்கை கட்டி, புழுவில் ஒரு துண்டைக் கோத்து, துறை ஓரத்தில் பாசி விளிம்பில் போடச் சொல்லுங்கள். புளூகில், ராக் பாஸ், பேர்ச் வரிசையாக வரும், பிள்ளைகள் கத்திக்கொண்டே இருப்பார்கள். பிக்கரலுக்கு வெளிச்சம் ஆகாது, விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் போனால்தான். ஜூலை மத்தியான வெயிலில் அந்த ஏரிகள் சூடாகிப் பாசி மண்டிக் கிடக்கும், அந்த நேரம் தூங்குங்கள்.

லிண்ட்சேஅக்கா:

துண்டு போடுவது பற்றிச் சொல்கிறேன். துறையிலேயே சமைத்து அன்றைக்கே சாப்பிட்டால் எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள். வண்டியில் பிராம்டனுக்குக் கொண்டுபோவதென்றால் ஆபீசர் பார்த்தால் என்ன இனம், எத்தனை என்று தெரியும்படி இருக்க வேண்டும், அளவு விதி உள்ள மீனை அளந்து பார்க்கவும் முடிய வேண்டும். முள் நீக்கி ஃபில்லே எடுத்தால் தோல் ஒரு பெரிய துண்டாவது விட்டுவைக்க வேண்டும், பிக்கரலுக்கு 35 முதல் 50 என்ற கணக்கு இருப்பதால் குடலை மட்டும் எடுத்துவிட்டு முழுசாகவே ஐஸில் போடுவது உத்தமம். நம் ஆட்கள் குழம்புத் துண்டாக நறுக்கி, மஞ்சள் தடவி, ஒரே பையில் கட்டி எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பையை வைத்துக்கொண்டு உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் நிரூபிக்க முடியாது. அப்புறம் வைத்திருக்கும் அளவு என்பது வீட்டு ஃப்ரீசரில் இருப்பதையும் சேர்த்துத்தான். முதல் நாள் பிடித்ததைச் சாப்பிடாமல் வைத்துக்கொண்டு மூன்று நாளும் 6, 6, 6 என்று பாஸ் சேர்க்க முடியாது.

சாப்பிடுவதிலும் ஒரு கவனம். மாகாணம் ஏரிவாரியாக, மீன்வாரியாக, நீளவாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று போட்டிருக்கிறது, பிள்ளைப்பேறு வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் தனி அளவு. பெரிய வேட்டை மீனில்தான் பாதரசம் அதிகம், அது சதையில் இருப்பது, புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது. உங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன பேர்ச், புளூகில் கொடுங்கள்.

தொந்தரவு பற்றிக் கேட்டீர்கள், மழுப்பாமல் சொல்கிறேன். 2007இல் இந்த மாகாணத்தில் ஆசிய முகமுள்ள மீன்பிடிப்பவர்களைத் தாக்கிய, தண்ணீரில் தள்ளிய சம்பவங்கள் நடந்தன, ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் விசாரித்து 2008இல் அறிக்கையும் விட்டது. இப்போது அப்படி அடிக்கடி கேள்விப்படுவதில்லை, நான் தினமும் நடந்து போகிற கரையில் எல்லா நிறத்து ஆட்களும் தூண்டிலோடு நிற்கிறார்கள். சட்டப்படி மீன் பிடிக்கிறவரைத் தடுப்பதே இங்கே குற்றம். யாராவது கத்தினால் பதிலுக்குக் கத்தாதீர்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போலீசுக்குச் சொல்லுங்கள். லைசென்ஸ் சரியாக இருந்தால்தான் அந்தப் போனைத் தைரியமாக எடுக்க முடியும், மச்சான் கவனிக்க. உங்களுக்குச் சொந்தத் துறை இருப்பதால் பிரச்சினை வர வாய்ப்பே குறைவு. ஊருக்குள் படகுக் கால்வாயின் நீர்ப்பூட்டு 32இன் சுவர் ஓரத்தில், அணைக்குக் கீழே மீனைப் பார்த்து ஆசைப்பட்டு நிற்காதீர்கள், தடைப் பலகைகளும் வேகத் தண்ணீரும் இருக்கும்.

ஏரிக்கரை_மச்சான்:

சரி அக்கா, கவனித்தாயிற்று. தம்பி, வழி மட்டுமாவது நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் 401 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். 407இல் போனால் மேற்குப் பகுதிக்குக் காசு விழும், பிக்கரிங்கில் புரோக் ரோடு தாண்டி 35/115 வரை 2025 ஜூனிலிருந்து டோல் இல்லை. 35இல் லிண்ட்சே, அங்கிருந்து 36. நெரிசல் இல்லாவிட்டால் இரண்டரை மணி நேரம். புழு, ஐஸ், கொசு மருந்து எல்லாம் லிண்ட்சேயிலேயே வாங்கிவிடுங்கள், புல்லில் நடந்தால் ராத்திரி பிள்ளைகளின் காலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

நெல்லைக்காரன்_பிராம்டன்:

எல்லாருக்கும் நன்றி. எனக்குக் கார்டும் ஸ்போர்ட்டும் இன்று ராத்திரி எடுக்கிறேன், அப்பாவுக்கும் மனைவிக்கும் 8 நாள் போகிற வாரம். படகு பற்றி உரிமையாளருக்கு எழுதிவிட்டேன். அப்பாவிடம் ஒரு தூண்டில்தான் என்று சொன்னேன், "அப்போ மிச்சம் மூணு தூண்டில் என்னத்துக்கு?" என்றார். அவருடைய நரம்பும் முள்ளும் இங்கே பயன்படுமா?

தங்கூசி_ஸ்காபரோ:

முள் சின்னதாக இருந்தால் தாராளமாக. நரம்பு ஊரிலிருந்து வருகிற தடிமனில் இருந்தால் புளூகில் கிட்டவே வராது, 6 பவுண்டு தாங்குகிற தங்கூசி நரம்பை இங்கே வாங்கிக் கட்டுங்கள்.